முப்பத்தேழாவது படம்

அந்தப் பஞ்சாலையை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. இயந்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு போன இடத்தில் தரையெங்கும் எண்ணெய்க் கறையும் போல்ட்டுக் குழிகளும்தான் மிச்சம். ஆனால் கல்யாணம் நிச்சயமான ஜோடிகளுக்கு இந்த இடிந்த சுவர்மேல் எங்கிருந்துதான் இப்படி ஓர் ஆசை வருகிறதோ. குடியிருக்கப் புது வீடு வேண்டும், கட்டிப்பிடித்து நிற்க மட்டும் பாழடைந்த மில் வேண்டும். அதிலும் ஃபிலிமில்தான் எடுக்க வேண்டுமாம்.

போட்டோக்காரிக்கு இந்த ஆசைகள்தான் சோறு போட்டன. இருந்தாலும் அன்று கேமராவைக் கழுத்தில் மாட்டும்போதே அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. வீட்டில் பெட்டி கட்டி வைத்திருந்தாள். இந்த வேலை முடிந்ததும் நேரே அக்கா வீடு. திரும்பி வருவதா வேண்டாமா என்று அங்கே போய் யோசித்துக்கொள்ளலாம்.

எல்லாம் ஒரு பேச்சால் வந்தது. போன வாரம் நாத்தனார் வீட்டு விருந்தில், அத்தனை பேருக்கு நடுவில், அவள் புருஷன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எல்லா வேலையும் நான்தான் பாக்கறேன். இவ சும்மா பட்டனை அமுக்குவா, அவ்வளவுதான்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஃபிலிம் மாட்டுவது, வெளிச்சம் அளப்பது, முகத்தில் வெளிச்சம் விழ வெள்ளை அட்டை பிடிப்பது எல்லாம் அவன் வேலைதான். யார் இல்லை என்றது? ஆனால் முட்டி தேயத் தரையில் மண்டியிட்டு, முறைத்துக்கொண்டு வந்த ஜோடிகளைக்கூடச் சிரிக்க வைத்து அனுப்பியவள் வெறும் பட்டன் அமுக்குகிறவளா?

அன்று வந்த பெண் பல் டாக்டர். பையனுக்குக் கப்பலில் வேலை. மறுநாள் காலையில் அவன் கிளம்ப வேண்டும். கல்யாணம் திரும்பி வந்த பிறகுதான். அதுவரை டாக்டருக்குத் துணை இந்த ஒரு ரோல் படம். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிறவளுக்குத் தன் வாயைத் திறந்து சிரிக்க வரவில்லை.

"அட்டையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க" என்று போட்டோக்காரி கப்பல்காரனிடம் சொல்வாள். அவன் அதைப் பயபக்தியோடு நாலடி தள்ளி நின்ற புருஷனிடம் எடுத்துச் சொல்வான். ஃபிலிமில் எடுத்தால் இப்படித்தான் போலிருக்கிறது என்று அந்த அப்பாவி நினைத்துக்கொண்டான்.

கடைசியில், கூரைக் கண்ணாடி வழியே வெயில் சாய்ந்து விழுந்தபோது, டாக்டர் கப்பல்காரன் தோளில் நெற்றியை வைத்து அழுதுவிட்டாள். அழுதவள், கண்மை வழிந்ததைத் துடைத்துக்கொண்டு தன்னை நினைத்தே சிரித்தாள். அழுகையும் சிரிப்புமாக அத்தனையும் போட்டோக்காரி விடாமல் எடுத்தாள். இது போதும் என்று இருந்தது.

அப்புறம் கேமராவில் எத்தனையாவது படம் என்று காட்டும் எண்ணைப் பார்த்தாள். முப்பத்தேழு. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம்தான்; சிலதில் ஒன்று கூட வரும், சரி. லீவரைத் தள்ளினாள். முப்பத்தெட்டுக்கும் வழுக்கிக்கொண்டு போனது.

அவளுக்கும் புருஷனுக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஃபிலிமின் நுனியை உருளையில் செருகி மூடியதும் அவன் "ஏறிடுச்சு" என்பான். அவள் லீவரைத் தள்ளி, இடது பக்கக் குமிழ் சுழல்கிறதா என்று பார்த்து "சுத்துது" என்பாள். குமிழ் சுழன்றால்தான் ஃபிலிம் ஓடுகிறது என்று அர்த்தம். இந்த இரண்டு சொல் இல்லாமல் அவர்கள் ஒரு ரோலைக்கூடத் தொடங்கியதில்லை. இன்றைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை. அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, குமிழைப் பார்க்காமலே எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது பார்த்தாள். குமிழ் அசையவே இல்லை. எண் பாட்டுக்கு ஏறியிருக்கிறது. ஃபிலிம் தன் டப்பாவுக்குள் சுகமாகப் படுத்திருக்கிறது.

அவள் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து குமிழைப் பார்த்தான். மாட்டியது யார் என்ற கேள்வி அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வெளியாட்கள் இரண்டு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டால் போதும், விருந்துக்கும் இதுக்கும் சரியாகிவிடும்.

அதற்குள் அவன் ஜோடியிடம் போய்விட்டான். "ஒரு படம்கூட விழலைங்க. ஃபிலிம் சரியா ஏறலை. மாட்டினது நான்." கொஞ்சம் நிறுத்தினான். "இவங்க எடுத்தது அத்தனையும் நல்ல படம். நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன். அந்த மாதிரி எடுக்க எனக்கு வராது."

டாக்டர் அப்படியே, முன்பு இயந்திரம் நின்ற சிமெண்டு மேடையில் உட்கார்ந்துவிட்டாள். கப்பல்காரனுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பூட்ட நேரமாகிவிட்டதென்று வாசலில் மில் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கினார்.

"குமிழைப் பாக்க வேண்டியது நான்" என்றாள் போட்டோக்காரி. சொல்ல நினைக்கவே இல்லை. உண்மையாக இருந்ததால் வாயில் வந்துவிட்டது. அதில் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல்.

"மறுபடி சிரிக்க என்னால முடியாதுக்கா" என்றாள் டாக்டர்.

"சிரிக்க வேணாம்மா. இப்படியே சாஞ்சு உக்காந்திருங்க, போதும்" என்றாள் போட்டோக்காரி.

அவன் கேமராவைத் திறந்து அதே ரோலை எடுத்து மறுபடி மாட்டினான். மூடி, அவளிடம் நீட்டி, "ஏறிடுச்சு" என்றான். ஒரு வாரத்துக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் சொல்.

அவள் லீவரைத் தள்ளினாள். குமிழ் சுழன்றது. அவன் கேமராவின் தோல்வாரை விடாமல் நின்றான். அவளுக்குக் கோபம் முழுக்க ஆறவில்லை. வீட்டில் பெட்டி கட்டியபடியேதான் இருக்கிறது. ஆனால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"சுத்துது" என்றாள்.

அவன் வாரை விட்டுவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். கப்பல்காரன் வழக்கம்போல் சேதி சொல்லத் தலையை நிமிர்த்தினான். போட்டோக்காரி அவனைத் தாண்டிப் புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னும் கொஞ்சம் தூக்குங்க."