முட்டை இல்லாத சாணம்

புழுக்கொல்லித் தீவனப் பொடியைத் தின்ற மாடுகளின் சாணத்தை இருபது டப்பாவில் தீவனக் கம்பெனி மேலாளர் கொண்டுவந்திருந்தார். மாட்டின் வயிற்றில் புழு இருந்தால் சாணத்தில் முட்டை விழும்; ஒன்றிலும் புழுமுட்டை இல்லை. பதினெட்டு வருஷமாக முட்டை எண்ணும் ஆய்வகக்காரியின் முதுகுக்குப் பின்னால், மூக்கைக் கைக்குட்டையால் பொத்தி நின்றவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சாணத்துக்கு முகம் சுளிப்பவர்தான் மாட்டுத் தீவனம் விற்கிறார்.

"பாத்தீங்களாம்மா, நம்ம பொடிய. விளம்பரத்துக்கே சொல்லிட்டேன்."

"சாணத்த எப்ப எடுத்தீங்க?"

"போன வாரம். கார் டிக்கியில பத்திரமா வெச்சிருந்தேன்."

இந்த வெயிலில். ஐஸ் பெட்டி என்று ஒன்று இருப்பதை இவர் படித்த படிப்பில் யாரும் சொல்லித்தரவில்லை போலும். அவள் எழுந்து மைக்ராஸ்கோப்பை அவருக்கு விட்டுக்கொடுத்தாள்.

"முட்டை இல்லதான் சார். எல்லாம் பொரிஞ்சு புழுவா நெளியுது, பாருங்க."