மஞ்சள் தண்ணீரும் உறைபனியும்

சாவியை அழுத்தியதும் கார் கீச்சென்று பூட்டைத் திறந்துகொண்டது. கதவுதான் திறக்கவில்லை. ஸ்வர்ணா கைப்பிடியை இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்தாள். கதவு அசையக்கூட இல்லை.

ஆக்லாந்தின் தென்கோடியில் இருக்கும் பாபகூராவில் அன்று நல்ல உறைபனி. புல்தரையெல்லாம் வெளுத்துக் கிடந்தது. பனியையாவது அவள் மன்னித்திருப்பாள். கதவிடுக்கில் கட்டியிருந்த பனிக்கட்டி மஞ்சள் நிறத்தில் இருந்தது. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போகிற வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் அவள் கணவன் ரவிசங்கர் வண்டியைக் கழுவினான். கழுவியதோடு விட்டானா? விடிந்தால் ஆடி வெள்ளியாயிற்றே என்று ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் கரைத்து, கூரை, கதவு என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் ஊற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, சூடமும் காட்டினான். திருச்சியில் என்றால் ஊற்றின தண்ணீர் ஆடிக்காற்றில் நொடியில் காய்ந்திருக்கும். ஆக்லாந்தில் ஆடி என்றால் நடுக் குளிர்காலம். அவளுக்கு முன்னாலேயே வந்து இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும் அந்த மனுஷனுக்கு அது உறைக்கவில்லை.

"என்னங்க! வந்து பாருங்க உங்க பூஜைய!"

ரவிசங்கர் கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு வந்தான். "வெடுக்குனு இழுக்காத. மெதுவா. அப்படி இல்ல, தூக்கின மாதிரி இழு."

இதுதான் ரவிசங்கர். கல்யாணத்துக்கு முன்பே ஊரில் கார் ஓட்டியவள் அவள். இங்கே வந்தபின் ஒரு நாள்கூட அவன் அவளைத் தனியாக ஓட்ட விட்டதில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கண்ணாடியப் பாரு" என்பான். பார்த்தால், "ரோட்டப் பாரு" என்பான். போன தடவை டெஸ்ட்டில் தோற்றதற்கு, போகிற வழியெல்லாம் அவன் நடத்திய பாடம்தான் காரணம் என்று அவள் அடித்துச் சொல்வாள்.

இந்தத் தடவை தோற்கக் கூடாது. பக்குரங்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. விடியற்காலை ஷிப்டு, பஸ் கிடையாது. வந்த நாளிலிருந்து ஒன்றரை வருஷம் இந்திய லைசென்ஸை வைத்து ஓட்டலாம் என்ற காலமும் இந்த ஞாயிறோடு முடிகிறது. இங்கத்து லைசென்ஸ் இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் டெஸ்ட்டே கிடையாது.

அவள் பழைய பஸ் கார்டால் முன்கண்ணாடியைச் சுரண்டினாள். அவன் ஹேர் டிரையரைக் கொண்டுவந்தான். ஒயர் வாசல்படியோடு நின்றுவிட்டது. உள்ளே ஓடியவன் கெட்டிலோடு திரும்பினான். அதன் மூக்கில் ஆவி பறந்தது.

"அத எங்க கொண்டு போறீங்க?"

"ஊத்துனா உடனே விட்டுரும். யூடியூப்ல பாத்தேன்."

"கண்ணாடில பட்டு விரிசல் விட்டா, வண்டிய டெஸ்ட்டுக்கே எடுக்க மாட்டாங்க! மஞ்சத் தண்ணி ஊத்தறதும் யூடியூப்லதான் சொன்னாங்களா?"

"சாமி காரியத்த அப்படிப் பேசாத ஸ்வர்ணா. முதல்ல நீ டென்ஷன் ஆகாத. டென்ஷன் ஆனா கிளட்ச்ச..."

"ஆட்டோமேட்டிக் வண்டிங்க இது!"

வந்த ஆத்திரத்தில் அவனை இடிக்க முடியாமல் கதவை இடுப்பால் ஓர் இடி இடித்தாள். உள்ளே ஏதோ மடமடவென்று நொறுங்கியது. கைப்பிடியைத் தொட்டாள். கதவு திறந்துகொண்டது.

"பாத்தியா? நான் சொன்ன மாதிரி பொறுமையா பண்ணதும் வந்துருச்சு" என்றான் ரவிசங்கர்.

அவள் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டு, ஹீட்டரை முழுசாகத் திருகினாள். அவன் சுற்றிப் போய் இடது பக்கக் கதவை இழுத்தான். இடித்தான். தோளை மட்டும்தான் தேய்த்துக்கொண்டான். பின்கதவுகளும் அப்படியே இருந்தன. திரும்ப அவள் பக்கம் வந்தான்.

"கொஞ்சம் இறங்கு. நான் உன் சீட் வழியா அந்தப் பக்கம் தாண்டிக்கறேன்."

அவள் இறங்கவில்லை. அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அக்கறைதான், இல்லையென்று சொல்ல மாட்டாள். ஆனால் அந்த அக்கறை அவளுக்குத் தொண்டைவரை வந்துவிட்டது.

"வேணாங்க. நீங்க வீட்ல இருங்க. நான் போய்க்கறேன்."

"தனியாவா? வழில ரவுண்டபவுட் இருக்குடி!"

"எனக்கும் தெரியும்."

"அந்தக் கதவு? டெஸ்ட் எடுக்கறவங்க எப்படி ஏறுவாங்க?"

"ஹீட்டர் ஓடுதுல்ல? போறதுக்குள்ள இளகிடும்."

"ஸ்வர்ணா, சொன்னா கேளு..."

"ஒண்ணரை வருஷமா கேட்டுட்டேங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

தெருமுனையில் இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பினாள். ரவுண்டபவுட்டில் வலப்பக்கம் ஒரு லாரி வந்தது. நின்றாள். அது போனதும் எடுத்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. இவ்வளவு சுலபமா இது என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

டெஸ்ட் நடக்கும் இடத்தில் அதிகாரி காத்திருந்தார். காதுவரை கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண்மணி. அவர் இடது கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு ஒருமுறை முரண்டு பிடித்துவிட்டுத் திறந்தது. அதிகாரி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். அலுவலகக் கண்ணாடி வழியே தெரிந்த காத்திருப்போர் நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

"யாரும் இல்லை" என்றாள் ஸ்வர்ணா. "நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன்."