தெஸ்பீனாவின் உப்பு

தெஸ்பீனா இருமினால் ஹர்க்கா அடுப்பைக் குறைப்பான். எண்ணெயின் இரைச்சல் அடங்கினால்தான் அடுத்த இருமல் காதில் விழும்.

அன்றும் குறைத்தான். அவள் கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுபது வயது, பலவீனமான இதயம். கணுக்கால்கள் வீங்கிச் செருப்புக்கு வெளியே பிதுங்கியிருந்தன. தட்டில் பொரித்த கணவாய். அதன் மேல் தன் உப்புக் குப்பியைக் கவிழ்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னடா பாக்குற? எடைக்கு வந்த மீனப் பாக்குற மாதிரி.”

“உப்பக் கொறைங்க ஆன்ட்டி. டாக்டர் சொன்னாருல்ல.”

“எங்கப்பன் இதவிட அள்ளிப் போடுவான். என் புருஷனும்தான்.”

“அவரு எப்படி இறந்தாரு?”

“கடல்ல. அங்க உப்பு ரொம்ப ஜாஸ்தி.”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. ஹர்க்கா சிரிக்கவில்லை.

அவன் சமையல்காரனாக இருந்த அந்தப் பொரித்த மீன் கடை அவள் ஒருத்தி பேரில் இருந்தது. ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமையான பி.ஆர். அவனுக்குக் கிடைக்க ஸ்பான்சர் செய்தவள் அவள்தான். மனு உள்ளே போய் மாதங்கள் ஆகிவிட்டன. பதில் வரும்வரை கடை திறந்திருக்க வேண்டும். அவள் உயிரோடு இருக்க வேண்டும். விசா ஏஜெண்ட் போனில் மழுப்பாமல் சொல்லியிருந்தார். “அந்தம்மா போயிட்டா மனுவும் போச்சு தம்பி. முதல்லேந்து ஆரம்பிக்கணும்.”

முதலிலிருந்து என்றால் என்னவென்று ஹர்க்காவுக்குத் தெரியும். நேபாளத்திலிருந்து வந்து ஒன்பது ஆண்டுகள். சிட்னியில் கடை திவாலானது. டார்வினில் முதலாளி கையெழுத்துப் போடும் நாளில் மனம் மாறினார். இது மூன்றாவது அடுப்பு. நான்காவதற்கு விசாவில் இடமில்லை.

தெஸ்பீனாவின் மகன் மனோலி அடிலெய்டில் வீடு விற்றுக்கொடுக்கும் தொழிலில் இருந்தான். ஞாயிறுதோறும் போன் செய்து கடையை விற்றுவிடச் சொல்வான். “நான் செத்ததும் வித்துக்க” என்று அவள் போனை வைப்பாள். அந்த வார்த்தை வரும்போதெல்லாம் ஹர்க்காவின் கையில் கத்தி நின்றுவிடும்.

ஒருநாள் சூப்பர்மார்க்கெட்டில் ஹர்க்கா ஒரு டப்பாவைப் பார்த்தான். சிவப்பு இதயம் வரைந்திருந்தது. இதயத்துக்கு நல்ல உப்பு என்று எழுதியிருந்தது. வாங்கிவந்து அவளுடைய குப்பியில் நிரப்பினான். பழைய உப்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டான்.

மதியம் அவள் முகம் சுளித்தாள். “கசக்குதே.”

“புது உப்பு ஆன்ட்டி.”

“உப்புல என்னடா புதுசு?” இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் மனைவி தன்மாயாவிடம் சொன்னான். அவள் மோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

“அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“சொன்னா துப்பிடுவாங்க.”

“எங்கப்பா படுத்துக் கெடந்தப்ப ஒரு போன் பண்ண உங்களுக்கு நேரமில்ல. இந்தக் கெழவிக்கு உப்புத் தேடி அலையுறீங்க.”

“உங்கப்பா எனக்கு ஸ்பான்சர் பண்ணலியே.”

“அட பாவி மனுசா!” அவள் துண்டை அவன் மேல் வீசினாள். இருவரும் சிரித்தார்கள்.

தெஸ்பீனாவின் சூப்பிலும் அந்த உப்பையே போட்டான். தினமும் ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தான். அவள் திட்டிக்கொண்டே தின்றாள். இருமல் குறைந்தது போலிருந்தது. ஆனால் கால் தளர்ந்தது.

“முட்டிக்குக் கீழ பிசைஞ்ச மாவு மாதிரி இருக்குடா.”

“ஆஸ்பத்திரி போலாமா?”

“போனா மனோலிக்குச் சொல்லிடுவாங்க. வாயை மூடிக்கிட்டு மீனைத் திருப்பு.”

அவன் இன்னும் கொஞ்சம் அந்த உப்பைச் சேர்த்தான்.

வெள்ளிக்கிழமை மதியக் கூட்டம் போன பிறகு கல்லாவில் சத்தமில்லை. இருமலும் இல்லை. ஹர்க்கா எட்டிப் பார்த்தான். அவள் தலை சுவரில் சாய்ந்திருந்தது. உதடுகள் சாம்பல் நிறம். ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தான். ஒரு துடிப்பு வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தான். அது வரவில்லை. வரவில்லை. வந்தது.

“ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன் ஆன்ட்டி.”

அவள் கண்ணைத் திறந்தாள். “கூப்பிடாத. மனோலி வந்து கடையப் பூட்டுவான். அப்புறம் உனக்கு என்னடா இருக்கு? இங்க உக்காரு. சரியாயிடும்.”

போன் கையில் இருந்தது. அவன் நின்றான். எண்ணெயில் ஒரு கிழங்கான் மீன் கிடந்தது. அது கருகும் வாசனை வரும்வரை நின்றான். அதுவரை அவன் கையில் எந்த மீனும் கருகியதில்லை. பிறகு அழைத்தான்.

அவளைத் தூக்கிப் போகும்போது பரணிலிருந்து டப்பாவை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. அடுப்பை அணைத்துக் கடையைப் பூட்டிவிட்டு ஆம்புலன்ஸின் பின்னால் போனான்.

அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் நேரில் இல்லை, நகரத்திலிருந்து வீடியோ திரையில்தான் இருந்தார். நர்ஸ் ட்ரூடி இதயத் துடிப்பின் கோடு வரைந்த ஈ.சி.ஜி. தாளைத் திரைக்குக் காட்டினாள். கோடு அகலமாக, சோம்பலாக இருந்தது.

“பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு” என்றார் டாக்டர். “கிட்னி நின்னுபோச்சா, இல்ல வெளிய இருந்து வருதா? சாப்பாட்டுல புதுசா ஏதாவது?”

ட்ரூடி திரும்பினாள். “நீங்கதான சமைக்கிறீங்க?”

“ஆமா. வழக்கமான சாப்பாடுதான்” என்றான் ஹர்க்கா.

வராந்தாவுக்கு வந்து டப்பாவைத் திருப்பினான். பின்பக்கம் பொடி எழுத்து. போனில் படமெடுத்துப் பெரிதாக்கினான். இந்த உப்பில் பாதிக்கு மேல் பொட்டாசியம். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபயோகிக்கக் கூடாது.

அவள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, கல்லாப்பெட்டியின் மூடியில் வைத்து விழுங்கும் மாத்திரைகள் நினைவுக்கு வந்தன. வாழைப்பழமும் நினைவுக்கு வந்தது. அதிலும் பொட்டாசியம்தான்.

முதலாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டில் ஒன்றைக் கலந்த சமையல்காரன். போலீஸ் அதை எப்படி எழுதும்? அப்படி எழுதப்பட்டவனை எந்த நாடு வைத்துக்கொள்ளும்? சொல்லாவிட்டால் அவள் சாவாள், மனு போகும். சொன்னாலும் மனு போகும்.

சுவரோரம் குப்பைத் தொட்டி. மிதித்தான். மூடி திறந்தது. கையை நீட்டினான். டப்பா கையிலேயே இருந்தது. காலை எடுத்தான். மூடி விழுந்த சத்தத்தில் தானே அதிர்ந்தான்.

உள்ளே போய் டப்பாவை ட்ரூடியின் முன் வைத்தான்.

“இதத்தான் போட்டேன். குப்பியில, சூப்புல, எல்லாத்துலயும்.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எதுக்குப் போட்டீங்க?”

“அவங்க சாகக் கூடாதுன்னு.”

ட்ரூடி அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு டப்பாவைத் திரைக்குக் காட்டினாள். டாக்டர் வேகமாகப் பேசத் தொடங்கினார். அவனை வெளியே நிற்கச் சொன்னார்கள். கண்ணாடி வழியே மானிட்டரில் ஓடும் அவள் இதயக் கோடு ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன் அகலம் மெல்ல மெல்ல ஒடுங்கிச் சீரானது.

அந்தி சாயும் முன் உள்ளே கூப்பிட்டார்கள்.

“நான் இத ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும்” என்றாள் ட்ரூடி.

“எழுதும்மா” என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். “சமையல்காரன் உப்ப மாத்துனான்னு எழுது.” தெஸ்பீனாவின் கண்கள் மூடியே இருந்தன. “டேய், கசக்குதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல?”

“சொன்னீங்க ஆன்ட்டி.”

“கடை?”

“பூட்டிட்டேன்.”

“நாளைக்குத் தொற.”

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். களைப்பா, கோபமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் திறந்தான். கருகிய எண்ணெயைக் கொட்டிப் புது எண்ணெய் ஊற்றினான். அவளுடைய குப்பியைக் கழுவி, துடைத்து, சாதாரண உப்பை நிரப்பினான். உருளைக்கிழங்கு சீவும்போது வெளியே கார் நின்றது. அவன் திரும்பவில்லை.

“ஹர்க்கா?”

நீலச் சட்டை. கையில் சாவிக்கொத்து. தெஸ்பீனாவின் மூக்கு.

“ஆமா சார்.”

“நான் மனோலி. ஆஸ்பத்திரியிலேந்து வரேன். அம்மா உன்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லச் சொன்னாங்க.” சாவிக்கொத்தை மேசை மேல் வைத்தான். “நேத்து ஒரு மீனக் கருக்கிட்டியாம். அத இந்த மாசச் சம்பளத்துல புடிக்கணுமாம்.”

ஹர்க்கா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். இந்த மாசச் சம்பளம்.

“இன்னொண்ணு?”

“அத அவங்களே வந்து சொல்லுவாங்களாம். நான் கேட்டும் சொல்லல.” மனோலி அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். “நானா இருந்தா இன்னிக்கே இதப் பூட்டியிருப்பேன். தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“விடிய விடிய வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன். ஏதாவது குடு.”

ஹர்க்கா கணவாய் பொரித்தான். தட்டை இரு கைகளாலும் பிடித்துக் கொண்டுபோய் வைத்தான். மனோலி ஒரு துண்டு தின்றான். உப்புக் குப்பியை எடுத்தான். அதைப் பார்த்தான். ஹர்க்காவைப் பார்த்தான்.

குப்பியை அப்படியே திரும்ப வைத்துவிட்டுச் சாப்பிட்டான்.