லேக்ராமின் பச்சைப் புள்ளிகள்

மணி நாலாகப் பத்து நிமிடம் இருந்தது. கயானாவின் கடந்த இருபதாண்டு கிரிக்கெட் ஆட்டக்காரர்களிலிருந்து பொறுக்கியெடுத்த பதினொருவரை நாலு மணிக்கு ஜார்ஜ்டவுன் வானொலியில் நேரலையாக அறிவிக்க வேண்டும். பத்துப் பெயர் முடிந்துவிட்டது. விக்கெட் கீப்பர் இடம்தான் பாக்கி.

தேர்வுக்குழுவில் இரண்டே பேர். முன்னாள் கேப்டன் ஓரின் செம்பிள் மிதவேகப் பந்துவீச்சாளர். அவர் பெயரும் பட்டியலில் இருந்தது. இன்னொருவர் முன்னாள் தொடக்க ஆட்டக்காரர் ரால் கிட்டன்ஸ். இருபத்திரண்டு வருடமாக அணிக்கு ஸ்கோர் எழுதும் யூலின் பாரோவுக்கு வாக்கு கிடையாது. கேட்ட புள்ளிவிவரத்தைக் கொடுத்துவிட்டு, கடைசியில் பட்டியலை வாசிக்க வேண்டியதுதான் அவள் வேலை.

"ட்ரெவன் ஆடம்ஸ்," என்றார் ரால், அன்னாசி வைத்த பைன் டார்ட்டைக் கடித்துக்கொண்டே. "சராசரி முப்பத்தெட்டு. பேச்சே இல்ல."

"லேக்ராம் ஹர்தயால்," என்றாள் யூலின்.

"அந்த எஸ்ஸெகிபோ ஆத்தங்கரைக்காரனா? சராசரி பதினேழு, மிஸ் யூலின். அவன் பேட்டைத் தூக்கிட்டு வந்தாலே சனங்க சாப்பிடக் கிளம்பிடும்."

யூலின் தன் ஸ்கோர் புத்தகத்தைத் திறந்து ஓரின் பக்கம் தள்ளினாள். ஓரின் வீசிய ஓவர்க் கட்டங்களில் சில பந்துகளுக்குக் கீழே பச்சைப் பென்சிலில் சின்னப் புள்ளி இருந்தது.

"இது என்ன, அம்மை போட்ட மாதிரி?" என்றார் ஓரின்.

"கீப்பர் ஸ்டம்பை ஒட்டி நின்ன பந்துங்க, கேப்டன். வேற எந்தப் புத்தகத்துலயும் இருக்காது, நானா வச்சுக்கிட்ட அடையாளம். ஒங்க வேகத்துக்கு எல்லாக் கீப்பரும் பத்தடி பின்னால நிப்பாங்க. அப்ப பேட்ஸ்மேன் என்ன பண்ணுவான்? தைரியமா ரெண்டடி முன்னால வந்து நிப்பான். பந்து வளையறதுக்குள்ள அடிச்சிடுவான். காலில பட்டாலும் தூரம் ஜாஸ்தின்னு அம்பயர் விரலைத் தூக்க மாட்டார்."

"சரி."

"லேக்ராம் ஸ்டம்பை ஒட்டி வந்து குந்துவான். கோட்டைத் தாண்டி ஒரு அங்குலம் நகர்ந்தா ஸ்டம்பிங். அதனால பேட்ஸ்மேன் உள்ளயே நிக்கணும். ஒங்க பந்து முழுசா வளைஞ்சு கால்ல படும், எல்.பி.டபிள்யூ. விக்கெட்டு ஒங்க பேர்ல. அவன் கட்டத்துல ஒண்ணும் இல்ல."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். "பச்சை இருக்கற பந்துல முப்பத்தொண்ணுக்கு ஒரு விக்கெட் எடுத்திருக்கீங்க. பச்சை இல்லாததுல அம்பத்தெட்டுக்கு ஒண்ணு. லேக்ராம் வேணாம்னா, இந்தப் புத்தகப்படி நீங்களும் வேணாம்."

ரால் மென்றதை விழுங்க மறந்தார்.

ஓரின் புத்தகத்தை அவள் பக்கமே திருப்பித் தள்ளினார். "ஆடம்ஸ்தான். பட்டியல்ல இருக்கறத வாசி. இல்லேன்னா சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒன் நாற்காலில வேற ஆள் உக்காரும்."

"உக்காரட்டும்."

நாலு மணிக்கு ஒலிபரப்பு அறையின் விளக்கு சிவந்தது. அறிவிப்பாளர் ஓனிகா தலையசைக்க, யூலின் பத்துப் பெயர்களை நிதானமாக வாசித்தாள். பிறகு சொன்னாள்: "கீப்பர், குழுவின் முடிவுப்படி ட்ரெவன் ஆடம்ஸ். ஸ்கோர் புத்தகத்தின்படி லேக்ராம் ஹர்தயால்." பச்சைப் புள்ளிக் கணக்கு இரண்டையும் எண் பிசகாமல் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

தொலைபேசியின் எல்லா விளக்குகளும் ஒருசேர மின்னின. ஓனிகா இரண்டு அழைப்பைக் கேட்டுவிட்டு மைக்கை ஓரின் பக்கம் திருப்பினாள். "கேப்டன், மக்கள் கேக்கறாங்க. லேக்ராம் ஒங்களுக்கு ஸ்டம்பை ஒட்டியா நின்னாரு?"

ஓரின் தன் பந்துவீசும் கையைப் பார்த்தார்.

"நின்னான்," என்றார். "விரல் ரெண்டு ஒடஞ்ச அன்னிக்கும் நின்னான். ஆனா பட்டியல் பட்டியல்தான்."

சனிக்கிழமை ஒன்பதரைக்கே யூலின் மைதானத்து ஸ்கோர் அறையில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு ஒரு புது ஆள் கையில் கடிதத்தோடு வந்து வாசலில் தயங்கி நின்றார்.

"இன்னிக்கி என்னை எழுதச் சொல்லியிருக்காங்க, மிஸ்."

"எழுதுங்க. அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி கிடக்கு." யூலின் கடிதத்தை வாங்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. மைதானத்தில் இளம் கீப்பர் ஒருவன் ஸ்டம்பை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான். "பச்சைப் பென்சில் கொண்டாந்தீங்களா?"