கம்பிக்கு அந்தப் பக்கம்

பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையில் அவருக்குப் பதினெட்டு வருஷம். இந்த முனையில் தொடங்கி அந்த முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இங்கே துரு ஏறியிருக்கும். கூட வேலை செய்பவர்கள் அவரைத் 'துருவண்ணன்' என்றே கூப்பிட்டார்கள். ஊருக்கு வருகிற யாரும் அந்தப் பாலத்தில் நின்று படம் எடுக்காமல் போவதில்லை. அங்கே சாக வருகிறவர்களும் உண்டு. அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

அன்று காலை பத்து மணி இருக்கும். சலசலப்பு கேட்டு நிமிர்ந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் நாற்பது வயது ஆள் ஒருவர் கைப்பிடிக் கம்பியைத் தாண்டி விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஐம்பது பேர், கைக்குக் கை போன். ஒருவன் தன் குழந்தையைத் தோளில் ஏற்றி, "நல்லாத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நின்றுபோன கார் ஒன்றிலிருந்து குரல் வந்தது: "குதிக்கிறதுன்னா குதிச்சுத் தொலைய்யா! ஆபீசுக்கு நேரமாச்சு!"

நாலு பேர் சிரித்தார்கள்.

துருவண்ணன் இடுப்புப் பட்டையைக் கம்பியில் மாட்டிக்கொண்டு மெல்ல அருகே போனார். என்ன பேசுவதென்று தெரியவில்லை. "சார், அந்தக் கம்பியில இப்பத்தான் பெயின்ட் அடிச்சேன். இன்னும் காயல" என்றார்.

அந்த ஆள் உள்ளங்கையைப் பார்த்தார். "ஐயோ, மன்னிச்சுக்குங்க. தெரியாம கைய வச்சுட்டேன்."

இத்தனை பேரில் மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.

"பரவால்ல சார். திரும்ப அடிச்சுக்கலாம். என்ன ஆச்சு உங்களுக்கு?"

"மூணு மாசமாத் தூக்கமே இல்ல. யாருக்கும் பாரமா இருக்க வேணாம்னுதான்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"அக்காகிட்ட சொல்லலாம்னு நினைச்சேன். பயந்துடுவா."

"பயப்படட்டுமே. நம்பர் சொல்லுங்க."

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். துருவண்ணன் அக்காவை அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவர் பக்கம் நீட்டிப் பிடித்தார். "டேய், எங்கடா இருக்க? அங்கேயே இரு, இதோ வரேன்" என்று அக்கா அலறியது எல்லோருக்கும் கேட்டது. அவர் உடைந்து அழுதபடி கையை நீட்டினார். துருவண்ணன் இறுகப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ச்சே, அவ்வளவுதானா?" என்று குழந்தைக்காரன் போனைப் பையில் போட்டான்.

துருவண்ணன் வீட்டுக்கு வந்தபோது மனைவியின் போனில் அந்த வீடியோ, பாட்டெல்லாம் சேர்த்து, வந்திருந்தது. அனுப்பியது மச்சினன். கீழே ஒரு வரி: 'மாமா, கொஞ்சம் கேமரா பக்கம் திரும்பியிருக்கலாம்.' துருவண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

பத்து நாள் கழித்து மேலாளர் கூப்பிட்டுப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்.

"இது வேணாம் சார். கம்பிய உசத்திக் கட்டுங்க. எத்தனை தடவ எழுதிக் குடுத்தாச்சு."

"கட்டினா பாலத்தோட அழகே போயிடும்யா. சாகணும்னு இருக்கிறவன் வேற இடம் பாத்துக்குவான்."

"அவர் பாக்கல சார். அக்கா வீட்ல இருக்காரு, டாக்டர்கிட்ட போறாரு. நேத்து ஏழு மணி நேரம் தூங்கினேன்னு போன் பண்ணிச் சொன்னாரு."

மேலாளர், படம் எடுக்க வந்திருந்த போட்டோக்காரர் பக்கம் திரும்பினார். "பாலம் பின்னாடி முழுசாத் தெரியற மாதிரி எடுங்க."

துருவண்ணன் பத்திரத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். அந்த ஆளின் அக்காவும் துருவண்ணனும் சேர்ந்து ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எட்டு மாதம் கழித்து ஒருவழியாகத் தடுப்பு எழுந்தது, ஒரு பக்கம் மட்டும். படம் எடுக்கிற பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

தனக்கு இனி தடுப்பில்லாத அந்தப் பக்கத்திலேயே வேலை போடச் சொல்லி துருவண்ணன் எழுதிக் கொடுத்தார். மேலாளர் ஏனென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.