கேரட் கண் வைத்த மீன்

எங்கள் மகள் தீரிலுக்கு நாலரை வயதானபோது அவள் சாப்பிடுகிற பொருள்கள் மொத்தமே நான்குதான். வெண்ணெய் தடவாத ரொட்டி, வெறும் மக்ரோனி, வாழைப்பழம், பால். ரொட்டிக்கு ஓரம் இருக்கக் கூடாது. மக்ரோனி ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. வாழைப்பழத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்துவிட்டால் அன்றைக்கு வாழைப்பழமும் கிடையாது.

அந்த ஆகஸ்டில்தான் நாங்கள் நார்வேயின் வடகரையில் உள்ள இந்தத் தீவுக்குக் குடிவந்தோம். என் மனைவி யூருனுக்கு சால்மன் மீன் பண்ணையில் வேலை. நாலு மணிக்குத்தான் வீடு திரும்புவாள். நான் வீட்டிலிருந்தபடியே கணினியில் கட்டட வரைபடம் போடுகிறவன். அதனால் ஐந்து மணிச் சாப்பாடு என் பொறுப்பு. வீடு வாடகைக்கு. சொந்தக்காரர் ஓட்னி என்ற ஐம்பத்தேழு வயதுப் பெண்மணி. போடோ நகரத்தில் இருந்தார். இங்கே கடைசிவரை இருந்த அவருடைய அத்தை இறந்து இரண்டு வருடமாக வீடு பூட்டிக் கிடந்ததாம். எங்களுக்கு அவரைப் போனில் மட்டும்தான் பழக்கம்.

தீரிலின் எடை கூடவே இல்லை. குழந்தைகள் நலமையத்து நர்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டு, "ஊட்டாதீங்க, கெஞ்சாதீங்க. பக்கத்துல நிக்க வெச்சு சமைங்க. தொடட்டும், மோந்து பாக்கட்டும். சாப்பிடலன்னா கண்டுக்காதீங்க" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தோம். மாவு கரைத்து பான்கேக் சுட்டோம். கறி உருண்டை பிடித்தோம். தீரில் முக்காலியில் ஏறி நின்று, முழங்கைவரை மாவாக, சந்தோஷமாகக் கிண்டுவாள். மேசைக்கு வந்ததும் தட்டைத் தள்ளிவிடுவாள். நான் கண்டுகொள்ளாத மாதிரி உட்கார்ந்திருப்பேன். மூன்று வாரம் இப்படியே போனது.

அக்டோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் கேட்காமலே, "இன்னிக்கு மீன் பண்ணலாம்ப்பா" என்றாள்.

"மீனா? நீயா சொல்ற?"

"அடுப்புல வெக்கிற மீன். மக்ரோனி போட்டு."

வெள்ளைச் சாஸும் மக்ரோனியும் மீனும் கலந்து ஓவன் அடுப்பில் வேகவைக்கிற பதார்த்தம். இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் நான் செய்ததே இல்லை. உறைபெட்டியில் காட் மீன் இருந்தது. எடுத்தேன். தீரில் முக்காலியை அடுப்பருகே இழுத்துப்போட்டாள். நான் வலப்பக்கம் நிற்கப் போனதும் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க நிக்காத. மாமா நிக்கிறாரு."

"எந்த மாமா?"

"சமைக்கிற மாமா."

அந்த வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் கண்ணுக்குத் தெரியாத கூட்டாளி ஒருவர் இருப்பார். நான் சிரித்துக்கொண்டே இடப்பக்கம் போனேன். வெண்ணெய் உருகியதும் மாவைப் போட்டேன். "பாலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்து, கட்டி விழுந்துரும்" என்றாள். இவளுக்கு யார் சொன்னது? பிறகு, "ஜாதிக்காய் துருவணும்" என்றாள்.

"ஜாதிக்காய் நம்ம வீட்டுல இல்லடா."

"மேல் தட்டுல இருக்கு. மூலையில. சிவப்பு மூடி."

நாற்காலி போட்டு ஏறிக் கையை விட்டுத் துழாவினேன். அத்தை விட்டுப்போன பழைய தகரடப்பா ஒன்று தட்டுப்பட்டது. சிவப்பு மூடி. உள்ளே மூன்று ஜாதிக்காய். அந்த உயரத்தை அவள் பார்த்திருக்க வழியே இல்லை. நாங்கள் குடிவந்த அன்று யூருன் அலமாரியைத் துடைத்தாளே, அப்போது தீரில் பார்த்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரொட்டித்தூளை மேலே தூவியபோது தீரில் என் கையைத் தடுத்தாள். தானே கிள்ளி எடுத்து மெல்ல மெல்ல ஒரு மீன் வரைந்தாள். வால், துடுப்பு, வாய். அதன்பின் ஒரு வட்டக் கேரட் துண்டைக் கண்ணாக வைத்தாள். கேரட் தன் தட்டில் பட்டாலே அலறுகிற பிள்ளை.

மேசையில் வைத்ததும் கரண்டியால் அந்தக் கண்ணைத்தான் முதலில் எடுத்தாள். "கண்ணை முதல்ல தின்னுடணும். அப்பத்தான் அது நம்மளப் பாக்காது." வாயில் போட்டு மென்று விழுங்கினாள். பிறகு தட்டு முழுவதையும் வழித்துச் சாப்பிட்டாள். யூருன் மேசையடியில் என் கையைப் பிடித்து நசுக்கினாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"தட்டு காலியா?" என்று தீரில் கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக் கேட்டாள்.

"காலிடா தங்கம்" என்றேன்.

அதன்பிறகு வாரம் மூன்று நாள் மீன்தான். எடை கூடியது. நர்ஸ் பாராட்டினார். எங்களுக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. அடுப்புக்கு வலப்பக்கத் தரை ஈரமாக இருந்தது. துடைத்தால் காய்ந்துவிடும், சமைக்க ஆரம்பித்ததும் மறுபடி ஈரம். காலுறை நனைந்து பாதம் சில்லிட்டுப் போகும். குழாய் வேலை செய்கிறவரை வரவழைத்தேன். அவர் பலகையைப் பெயர்த்துப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் குழாயே கிடையாதேய்யா. மேல இருந்து கொட்டின தண்ணி மாதிரியில்ல இருக்கு" என்று தலையைச் சொறிந்தார். அவர் போனபிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கடல்தண்ணீரின் உப்பு.

யூருனிடம் நான் அதைச் சொல்லவில்லை. பிள்ளை சாப்பிடுகிறாள் என்ற சந்தோஷம் அப்படிப்பட்டது.

நவம்பர் பாதியில் நிலைமை மாறியது. அன்று தீரில் இரண்டாவது தட்டு கேட்டாள், கொடுத்தேன். மூன்றாவதும் கேட்டாள். நாலாவதில் அவள் முகம் வெளிறி, வயிறு மத்தளம்போல் விறைத்து நின்றது. அப்போதும் கரண்டி வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. ருசித்துச் சாப்பிடுகிற முகமில்லை அது. யாரோ அதட்டி உட்காரவைத்த முகம்.

"போதும்டா" என்று தட்டை எடுக்கப் போனேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதப்பா! மாமா வர்றதுக்குள்ள தட்டு காலியாகணும்!"

"உன் தட்டு காலியாத்தானே இருந்துச்சு? மூணு தடவை காலி பண்ணிட்டியே!"

"என்னோடது காலி. அது காலியாகல." மேசையின் மறுகோடியைக் காட்டினாள். அங்கே தட்டே இல்லை. "நான் தின்னா அது குறையும்னு பாத்தேன். குறையவே மாட்டேங்குது."

அப்படியே குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டதும் மறுபடி கரண்டியைத் தேடினாள். யூருன் அவளை வாரித் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். திரும்பி வந்து, "நாளைல இருந்து இந்த வீட்ல மீன் கிடையாது. அவ பட்டினி கிடந்தாலும் சரி" என்றாள்.

மறுநாள் சாசேஜ் வேகவைத்தேன். ஓவன் பக்கம் போகவே இல்லை. நாங்கள் மேசையில் உட்கார்ந்ததும் சமையலறையிலிருந்து வாசனை வந்தது. வெந்த மீன், பால், ஜாதிக்காய். எழுந்து போய்ப் பார்த்தேன். ஓவன் அணைந்திருந்தது, உள்ளே காலி, கம்பி சில்லென்றிருந்தது. தரை மட்டும் இரண்டு பாத அகலத்துக்கு நனைந்திருந்தது.

யூருன் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். எதையும் லேசில் நம்பாதவள். "எனக்கும் வாசனை வருது" என்றாள் மெதுவாக. தீரில் மேசையில் தனியாக உட்கார்ந்து, "இன்னும் காலியாகல, இன்னும் காலியாகல" என்று அழுதுகொண்டிருந்தாள்.

மூன்று நாள் அவள் எதையும் தொடவில்லை. ரொட்டியைக்கூட. வெறும் பால். நாலாம் நாள் வியாழக்கிழமை, என்னால் தாங்க முடியாமல் உறைபெட்டியைத் திறந்து மீனை எடுத்தேன். தீரில் பேசாமல் வந்து முக்காலியில் ஏறினாள். ரொட்டித்தூள் மீனும் கேரட் கண்ணும் தயாரானபோது வெளியே எப்போதோ இருட்டிவிட்டது. கதவு தட்டும் சத்தம் கேட்டது.

ஓட்னி. படகுக் கொட்டகையை விற்கப்போவதாகவும், அதைப் பார்க்க வருவதாகவும் போன வாரமே சொல்லியிருந்தார். நான்தான் மறந்துவிட்டேன். உயரமான, ஒட்டவெட்டிய நரைமுடிக்காரர். காலணியைக் கழற்றிக்கொண்டே, "சாப்பாட்டு நேரத்துல வந்து நிக்கிறேனே. கொட்டகைச் சாவிய மட்டும் குடுங்க, போயிடறேன்" என்றார்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றாள் யூருன்.

"மீன் வாசனை வருதே? நான் மீன் தொட்டு அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. தீவுல பொறந்துட்டு இப்படியான்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்க."

அதற்குள் நான் பாத்திரத்தை மேசையில் வைத்திருந்தேன். ஓட்னியின் பார்வை அதில் விழுந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இத யாரு வரைஞ்சது?"

"நான்" என்றாள் தீரில். அவள் ஏற்கெனவே ஒரு நாற்காலியை மேசையின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு தட்டை வைத்தாள். "இங்க உக்காருங்க. உங்க தட்டுதான் காலியாகாம இருக்கு. கண்ணை முதல்ல தின்னுடணும். அப்பத்தான் அது நம்மளப் பாக்காது."

ஓட்னி சுவரை விட்டுவிட்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கேரட் கண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்கப்பா சொல்றது இது. ஹால்வார்னு பேரு. அப்ப நாங்க இந்த வீட்டுலதான் இருந்தோம், எனக்கு அஞ்சு வயசு. எதையும் வாயில வெக்க மாட்டேன். எங்கம்மா ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்க, அப்பாதான் சமைப்பாரு. நான் சாப்பிடணும்னு மீன் வரைவாரு, கேரட்ல கண்ணு வெப்பாரு. அன்னிக்கும் நான் தட்டைத் தள்ளிட்டேன். அவருக்குக் கோபம். 'வலையப் பாத்துட்டு வர்றேன், நான் வர்றதுக்குள்ள தட்டு காலியா இருக்கணும்'னுட்டுப் போனாரு."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"படகு மட்டும் கிடைச்சுது. அத்தை வர்ற வரைக்கும், ரெண்டு நாள், நான் அந்தத் தட்டுக்கு முன்னாடியே உக்காந்திருந்தேன். சாப்பிடல. சாப்பிட்டிருந்தா வந்திருப்பாரோன்னு..."

சமையலறைத் தரையில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. நிதானமாக, ஒவ்வொரு சொட்டாக. யூருன் தீரிலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எதைப் பார்ப்பேனோ என்ற பயம்.

ஓட்னி கரண்டியை எடுத்தார். கேரட் துண்டை எடுத்து வாயில் போட்டார். மெல்ல முடியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். பிறகு மீன். தண்ணீர் குடித்தார், அழுதார், மறுபடி கரண்டியை எடுத்தார். அரைமணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் ரொட்டித் துண்டால் தட்டை வழித்துவிட்டு, சமையலறை வாசலைப் பார்த்துச் சொன்னார்.

"காலிப்பா."

சொட்டும் சத்தம் நின்றது.

தீரில் அம்மாவின் மடியிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலை மெதுவாக, யாரோ நடந்து போவதைத் தொடர்கிற மாதிரி, பின்கதவுப் பக்கம் திரும்பியது. பின்கதவு திறக்கவில்லை. காற்றும் அடிக்கவில்லை. ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே, படகுக் கொட்டகைக்குப் போகிற சரளைப் பாதையில், கனத்த பூட்ஸ் காலடி ஒன்று இறங்கிப் போவதை நாங்கள் நாலு பேரும் கேட்டோம்.

ஓட்னி அன்றிரவு எங்களோடு தங்கினார். மறுநாள் ஊருக்குப் போகும்போது, கொட்டகையை விற்கப் போவதில்லை என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, தீரிலே கேட்பாள் என்று காத்திருந்து, அவள் கேட்காததால் நானே அதே பதார்த்தத்தைச் செய்தேன். அடுப்பின் வலப்பக்கம் நின்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் வைத்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"சீ! இது என்ன கொழகொழன்னு? எனக்கு வெறும் மக்ரோனி குடு."

யூருன் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த மாதம் முழுவதும் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து போய் மக்ரோனி வேகவைத்தேன், ஒட்டாமல்.

இப்போது தீரிலுக்கு ஆறு வயது. எட்டுப் பொருள்கள் சாப்பிடுகிறாள், பட்டாணி உட்பட. சனிக்கிழமைகளில் பீட்சா மாவு பிசைவது அவள் வேலை. அந்த மாமா யார், எப்படி இருந்தார் என்று நான் அவளை இதுவரை கேட்டதில்லை. ஒருமுறை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்: "அந்த மாமாவோட முகமே தெரியாதுப்பா. எப்பவும் குனிஞ்சு கிண்டிட்டே இருப்பாரு." சொல்லிவிட்டு வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.