ரெங்கம்மாவின் தலையாட்டு

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்குப் போகிற பஸ்ஸில் ரெங்கம்மா வாந்தி எடுக்காமல் போய் இறங்கியதாகச் சரித்திரமே கிடையாது. அதனால்தான் மகள் விதுஷாவின் கல்யாணத்தைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலிலேயே வைக்கணும் என்று ஒத்தைக்காலில் நின்றாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கோ பதுளை டவுன் மண்டபத்தில்தான் ஆசை. இன்றைக்கு நேரில் போய்ப் பேசி முடிக்க வேண்டும். பேசுவதற்கு ரெங்கம்மாவை விட்டால் ஆள் இல்லை. புருசன் வீரய்யா, யார் என்ன கேட்டாலும் "ஆமாங்க" என்கிற மனுசன்.

மருந்துக்கடை ஜௌபர் நானா, போக ஒன்று, வர ஒன்று என்று வாந்திக்கு ரெண்டு மாத்திரை கொடுத்துப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"பஸ் ஏற ஒரு மணித்தியாலத்துக்கு முந்தியே போட்ருங்க. வயித்துல கரைஞ்சு, குடல்ல எறங்கி, ரத்தத்துல கலந்துதான் அது தலைக்குப் போவும். போட்ட ஒடனே கேக்காது. தூக்கமும் வரும், பாத்துக்கங்க."

ரெங்கம்மா அங்கே தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் மனசு ஒப்பவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்த பிறகுதானே மலையேறிக் கொழுந்தில் கை வைக்கிறோம்? பேர் விழாமல் செய்கிற வேலை யாருக்குக் கணக்கு?

"என்னா புள்ள, இன்னும் போடலயா?" என்றான் வீரய்யா, பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில்.

"பஸ்ஸு நெனச்சா வரும், நெனச்சா வராது. அது வர்றதுக்குள்ள மாத்திரை வேலைய முடிச்சிட்டுப் போயிருச்சுன்னா? மொதல்ல பஸ்ஸு மூஞ்சியக் காட்டட்டும்."

"ஆமா புள்ள."

பஸ் வளைவில் தலையைக் காட்டியதும், உள்ளங்கையில் வேர்த்துப் போயிருந்த மாத்திரையை வாயில் போட்டு, போத்தலில் இருந்த ஆறின தேத்தண்ணியை ஊற்றி விழுங்கினாள். நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் மாத்திரை, தேத்தண்ணி, காலையில் தின்ற ரொட்டி எல்லாம் பிளாஸ்டிக் பைக்கு வந்து சேர்ந்தன.

"இது போலி மாத்திரை," என்றாள், கண்ணெல்லாம் தண்ணியாக.

"நானா சொன்னாரே, நேரம் எடுக்கும்னு..."

"அவரு கடைக்குள்ள குந்திக்கிட்டு சொல்லுவாரு. இந்த வளைவுல அவர ஏத்திப் பாக்கணும்."

வருகிறபோது போடவேண்டிய ரெண்டாவதையும் எடுத்து, வஞ்சம் தீர்க்கிற மாதிரி விழுங்கினாள். இது வயிற்றில் நின்றது. நின்றது அதன்பாட்டில் கரைந்தது, இறங்கியது, கலந்தது. எல்லாம் முடித்துச் சரியாக மாப்பிள்ளை வீட்டு வாசலில் தலைக்கு ஏறியது.

மாப்பிள்ளை விஜேந்திரனின் அம்மா ஜீவராணி மெத்தை நாற்காலியில் உட்கார வைத்து, பலகாரம் வைத்தாள். தோட்டத்து லயத்தில், அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் இப்படி ஒரு நாற்காலி ஏது? ரெங்கம்மா அதில் அமிழ்ந்துபோனாள். கண் பாதி திறந்தே இருந்தது.

"மதினி, கல்யாணத்த டவுன் மண்டபத்துலயே வச்சிருவமா?"

ரெங்கம்மாவின் தலை மெதுவாகக் கீழே போய், திடுக்கென்று மேலே வந்தது.

"தோட்டத்து சனங்க பஸ்ஸு புடிச்சு வரணுமே, சிரமமில்லையா?"

தலை இன்னும் ஆழமாகப் போய் வந்தது.

"பொண்ணோட அம்மான்னா இப்பிடி இருக்கணும்," ஜீவராணிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னாங்க அண்ணே, நீங்களும் சரிதானே?"

வீரய்யா பொஞ்சாதியின் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தான். அதற்கும் ஒரு தலையாட்டு வந்தது. அப்புறம் அவன் என்ன செய்வான்?

"ஆமாங்க."

திரும்பும்போது அவளைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றினான். வளைவு ஒவ்வொன்றிலும் அவள் தலை அவன் தோளில் உருண்டதே தவிர, வாய் திறக்கவில்லை. தோட்டத்தில் இறங்கிக் குளிர்காத்து பட்டதும்தான் முழிப்பு வந்தது.

"வாந்தியே எடுக்கலயே நானு," என்றாள் ஆச்சரியமாக. "கல்யாணம்?"

"டவுன் மண்டபத்துல. நீதான் தலையாட்டுன. அந்தம்மா அழுதே போச்சு."

ரெங்கம்மா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நம்பி அழுத ஒரு பொம்பளையிடம் போய், தூக்கத்தில் ஆடின தலை என்று எப்படிச் சொல்வது? கல்யாணத்துக்கும் இனி இதே பஸ்ஸில்தான் போகணும். பிறகு முந்தானையை உதறி எழுந்தாள்.

"ஜௌபர் நானா சொன்னதுதான் சரி. கல்யாணத்துக்கு மொத நாளே போட்ருவேன். நல்லா கரையட்டும்."

வீரய்யாவுக்கு அதில் ஏதோ இடித்தது.

"ஆமா புள்ள," என்றான்.